காலியாக விட்ட படி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்னும் எல்லாருக்கும் பி.டி. சார்தான். மகன் கலிஃபோர்னியாவில் சான் ஹோஸே பக்கம் வேலை பார்க்கிறான். போன வருஷம் நானும் வீட்டம்மாவும் மூன்று மாதம் அங்கே இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருக்கும் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குள் நடக்கக் கூட்டிப்போனான். புல்வெளியில் பெரிய சிலை. வெற்றி மேடையில் இரண்டு கறுப்பின ஓட்டக்காரர்கள் ஆளுக்கொரு கையில் கையுறை போட்டு, முஷ்டி மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். காலில் ஷூ இல்லை, வெறும் சாக்ஸ். இரண்டாம் இடத்துப் படி மட்டும் காலி. என் பேரன் ஓடிப்போய் அதில் ஏறி நின்றுவிட்டான். எனக்குக் கோபம் வந்து, இறங்குடா என்று அதட்டி இறக்கினேன். மேடையில் ஏறுவதென்றால் ஓடி ஜெயித்து ஏறவேண்டும் என்பது என் பழக்கம்.

பிறகு மகன் கதையைச் சொன்னான். 1968 ஒலிம்பிக்ஸில், கறுப்பினத்தவருக்கு நடக்கும் அநீதியை எதிர்த்து, தேசிய கீதம் ஒலிக்கும்போது கையைத் தூக்கினார்களாம், பதக்கத்தைப் பறித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஒன்று புரியவில்லை. ஒழுங்கை மீறியதற்காக அனுப்பப்பட்டவர்களுக்கு எதற்குச் சிலை? அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: மேடையில் ஏறினால் குதிகால் சேர்த்து, இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, கொடியைப் பார். அந்த ஒரு நிமிஷம் உனக்குச் சொந்தமில்லை, உன்னை அனுப்பியவர்களுக்குச் சொந்தம்.

இன்னொன்றும் கேட்கிறேன். இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் பிடித்த காரணத்துக்காகக் கை தூக்குகிறவனுக்குச் சிலை வைத்தால், நாளைக்கு நமக்குப் பிடிக்காத காரணத்துக்காக ஒருவன் தூக்கினால் என்ன சொல்வோம்? விளையாட்டை விளையாட்டாக விட்டுவிட்டால் என்ன?

தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ். சார்,

தப்பாக எதுவும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற பலர் அந்த இருவரையும் திட்டுவதற்காகக் கேட்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அதனால்தான் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பதக்கத்தைப் பறிக்கவில்லை. உலகம் முழுக்க இருக்கும் தப்பான நினைப்பு இது, உங்கள் மகனைக் குறை சொல்ல வேண்டாம். டாமி ஸ்மித்தின் தங்கமும் ஜான் கார்லோஸின் வெண்கலமும் அவர்களிடமேதான் இருந்தன. அணியிலிருந்து நீக்கினார்கள், ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றினார்கள். அதற்கப்புறம் அவர்கள் ஊரில் போய் என்ன பட்டார்கள் என்பது தனிக்கதை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க மேஜை நாற்காலியை வெட்டி எரித்ததாக கார்லோஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகத்தின் மூன்றாவது வேகமான மனிதர் என்று பதக்கம் வாங்கியவர்.

நீங்கள் தடகள ஆள் என்பதால் ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கையைப் பற்றிப் பேசிவிட்டுக் காலை மறந்துவிடுகிறார்கள். 1968 அக்டோபர் 16, மெக்ஸிகோ சிட்டி, 200 மீட்டர் இறுதி. அரையிறுதியில் ஸ்மித்துக்குத் தொடைப் பக்கம் தசை பிடித்துக்கொண்டது, இறுதியில் ஓடுவாரா என்றே சந்தேகம். ஓடினார். 19.83 விநாடி, உலக சாதனை. அதிலும் கடைசிப் பத்து மீட்டர் இரண்டு கையையும் அகல விரித்து மேலே தூக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். கை வீச்சை விட்டால் வேகம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்லோஸ் 20.10. இருவருக்கும் நடுவில், கடைசி நேரத்தில் பாய்ந்து வந்து 20.06-இல் இரண்டாவதாக முடித்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அந்த 20.06 அவர் நாட்டுச் சாதனையாக 56 வருஷம் நின்றது. 2024 டிசம்பரில்தான் கவுட் கவுட் என்ற பதினாறு வயதுப் பையன் 20.04 ஓடி அதை உடைத்தான். உங்கள் பேரன் ஏறி நின்ற படி நார்மனுடையது. அவரிடம் அப்புறம் வருகிறேன்.

இப்போது ஒழுங்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒழுங்கை மீறினார்கள் என்று அவர்களை வெளியேற்ற வைத்தவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் ஏவரி பிரண்டேஜ். அமெரிக்கக் குழு முதலில் தயங்கியது, உங்கள் தடகள அணி முழுவதையும் அனுப்பிவிடுவோம் என்று மிரட்டிய பிறகுதான் பணிந்தது. காரணமாகச் சொன்னது, ஒலிம்பிக்ஸில் அரசியல் கூடாது. சரி, நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 1936 பெர்லினில் இதே பிரண்டேஜ் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவர். ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போகக்கூடாது என்று கிளம்பிய குரல்களை எதிர்த்து நின்று அணியைக் கூட்டிப்போனவர். அங்கே ஜெர்மன் வீரர்கள் மேடையில் நின்று நாஜி வணக்கம் போட்டார்கள். அதுவும் கையைத் தூக்குவதுதானே சார்? அதை அவர் அரசியல் என்று சொல்லவில்லை. அது அவர்கள் நாட்டு வணக்கம் என்பது அந்தத் தரப்பின் விளக்கம்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸ் அக்டோபர் 12-ஆம் தேதி தொடங்கியது. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, அதே நகரத்தின் த்லதெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களை ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. போட்டிகள் திட்டப்படி நடக்கும் என்று பிரண்டேஜ் அறிவித்தார், நடந்தது. விளையாட்டை விளையாட்டாக விடுவது என்றால் நடைமுறையில் எப்போதும் இதுதான் நடக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் செய்வதெல்லாம் சூழ்நிலையாகிவிடும், கையுறை போட்டவன் செய்வது அரசியலாகிவிடும்.

நீங்கள் ஷூ இல்லாததைக் கவனித்திருக்கிறீர்கள், பி.டி. சார் கண். கறுப்பின மக்களின் ஏழ்மையைக் காட்டத்தான் ஷூவைக் கழற்றி, கறுப்பு சாக்ஸோடு ஏறினார்கள். கார்லோஸ் கழுத்தில் மணிமாலை இருந்தது, மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவாக. மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்துவிட்டிருந்தார், அது உடலுழைப்புத் தொழிலாளிகளுக்காக. ஒருவர் வலது கையும் இன்னொருவர் இடது கையும் தூக்கியதற்குப் பெரிய தத்துவம் இருக்கும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. கார்லோஸ் தன் கையுறையை அறையில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். இருக்கிற ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னது நார்மன்.

இதெல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றிச் செய்ததும் இல்லை. சான் ஹோஸே ஸ்டேட்டில் சமூகவியல் சொல்லிக்கொடுத்த ஹாரி எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் முன்னின்று, மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் இயக்கம் என்ற பெயரில் அதற்கு முந்தைய வருஷமே தொடங்கியது. அவர்கள் கேட்டவை மிகத் தெளிவானவை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பிடுங்கப்பட்ட முகமது அலியின் பட்டத்தைத் திருப்பிக்கொடு, பிரண்டேஜை நீக்கு, கறுப்பினப் பயிற்சியாளர்களைச் சேர், நிறவெறி நாடுகளான தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் சேர்க்காதே. ஒலிம்பிக்ஸையே புறக்கணிப்பதாகத்தான் முதலில் பேச்சு. அது கைகூடாமல், போகிறவர்கள் அவரவர் வழியில் எதிர்ப்பைக் காட்டலாம் என்று விட்டார்கள். ரொடீஷியா என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

(தென்னாப்பிரிக்கா என்றதும் நம் ஊர்ச் சங்கதி ஒன்று. 1974 டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா வந்தது, எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது, ஆடாமலே கோப்பை அவர்களுக்குப் போனது. நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் அந்த அணியில் இருந்தார்கள். முடிவு அரசாங்கத்துடையது, இழப்பு ஆட்டக்காரர்களுடையது. அதன் பிறகு இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வாங்கவில்லை. அந்த இழப்புக்கு யாரும் எங்கும் ஒரு கல்லும் நடவில்லை.)

சிலைக்கு வருகிறேன். ஒழுங்கு பற்றிய உங்கள் வாதத்தை விட எனக்கு இதில் வேறு ஒரு சங்கடம் உண்டு.

அந்தச் சிலை 2005-இல் திறக்கப்பட்டது. சம்பவம் நடந்து 37 வருஷம் கழித்து. பல்கலைக்கழக நிர்வாகத்துக்குத் தானாகத் தோன்றி வைத்ததும் இல்லை, மாணவர்கள் கேட்டு, முயற்சி எடுத்து வந்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு காலத்தில் வேக நகரம் என்றே பெயர் வாங்கிய அந்தப் பல்கலைக்கழகம், தன் தடகள அணியை 1988-லேயே மூடிவிட்டது. ஓட்டக்காரர்களுக்கு 20 அடிக்கு மேல் உயரமான சிலை வைத்தபோது அந்த வளாகத்தில் ஒரு தடகள அணி கிடையாது! 2016-இல்தான் மறுபடி தொடங்கப்போவதாக அறிவித்தார்கள். உங்கள் பள்ளியில் மைதானத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு நுழைவாயிலில் உங்களுக்கு ஒரு சிலை வைத்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் 2019. அந்த வருஷம் ஆகஸ்டில் பெரு நாட்டின் லிமாவில் பான் அமெரிக்கன் போட்டிகள். சம்மட்டி எறிதலில் தங்கம் வாங்கிய க்வென் பெர்ரி மேடையில் முஷ்டியை உயர்த்தினார். வாள்வீச்சு வீரர் ரேஸ் இம்போடன் மண்டியிட்டார். அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பு இருவருக்கும் பன்னிரண்டு மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அடுத்த மாதமே அதே அமைப்பு தன் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்போகிறவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் யார் பெயர்? டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ். ஒரே அலுவலகம். ஒரு மேஜையிலிருந்து அந்தக் கைக்கு மாலை போகிறது, பக்கத்து மேஜையிலிருந்து இந்தக் கைக்கு ஓலை போகிறது. (நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: மறு வருஷம் அந்த அமைப்பின் தலைமை பெர்ரியிடம் மன்னிப்புக் கேட்டது, விதியையும் தளர்த்தியது. ஆனால் அதற்குள், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை எதிர்த்து, அமெரிக்கத் தெருக்கள் பற்றி எரிய வேண்டியிருந்தது.)

அதனால், அவர்களுக்கு மரியாதை தகுமா என்று நீங்கள் கேட்டதை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அவர்களுக்குத் தகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுக்கிறவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம். கிழவர்களாகி, கோபமெல்லாம் ஆறி, படம் பாடப்புத்தகத்தில் ஏறி, இனி அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்று உறுதியான பிறகு சால்வை போர்த்துவதில் என்ன வீரம் இருக்கிறது? விரட்டிய கை எது என்று அந்தக் கல்வெட்டில் எழுதியிருந்தால் அது மரியாதை. எழுதாமல் விட்டால், விரட்டியவர்கள் தங்கள் முகத்தைக் கழுவிக்கொள்ள வைத்த கண்ணாடி அது.

காலத்தில் செய்த மரியாதையும் உண்டு, அபூர்வமாக. உங்களுக்கு கிரிக்கெட் பிடிக்குமோ என்னவோ, எனக்குப் பிடிக்கும். 1998 நவம்பர், ஷார்ஜா. ஜிம்பாப்வேயின் ஹென்றி ஒலங்கா ஒரு லீக் ஆட்டத்தில் எகிறும் பந்து போட்டு சச்சினை அவுட் ஆக்கிவிட்டுக் குதித்தார். இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் சச்சின் அவரைப் பிய்த்து எடுத்தார், 124 நாட் அவுட், விக்கெட் இழப்பே இல்லாமல் இந்தியா ஜெயித்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னால் இருபது பேர் உட்கார்ந்து ஒலங்காவை ஆசை தீரத் திட்டினோம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் வேகமாகப் போட்டு அடி வாங்குகிற எவனுக்கும் பெயர் ஒலங்காதான். கிண்டலுக்கு வைத்த பெயர், அதைத் தாண்டி அந்த மனுஷனைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

2003 பிப்ரவரி 10, உலகக் கோப்பை, ஹராரே மைதானம், நமீபியாவுடன் ஆட்டம். காலையில் ஒலங்காவும் ஆண்டி ஃப்ளவரும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது, அதற்குத் துக்கம் அனுஷ்டிக்கிறோம், கையில் கறுப்புப் பட்டி கட்டி ஆடப்போகிறோம் என்று. ஒருவர் கறுப்பர், ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர். மற்றவர் வெள்ளையர், அந்த நாட்டின் தலைசிறந்த மட்டையாளர். எதிரில் நாட்டின் அதிபர் ராபர்ட் முகாபே. ரொடீஷியா என்று முன்னால் சொன்னேனே, அதே நாடுதான், பெயர் மாறிவிட்டது. 1968-இல் ரொடீஷியாவைச் சேர்க்காதே என்று கேட்டது வெள்ளை நிறவெறிக்கு எதிராக. 2003-இல் கறுப்புப் பட்டி கட்டியது, அந்த நிறவெறியை எதிர்த்துப் போராடி ஜெயித்து வந்த தலைவரின் கொடுங்கோலுக்கு எதிராக. எதிர்ப்புக்கு நிரந்தரமான நிறமோ கட்சியோ கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்று கிரேய்க் விஷார்ட் 172 அடித்தார், ஜிம்பாப்வே ஜெயித்தது. ஞாபகம் இருப்பது என்னவோ அந்தக் கறுப்புப் பட்டிதான். அதற்கப்புறம் ஒலங்காவை ஆட்டத்தில் சேர்ப்பதே அரிதானது. அவருடைய கிளப் அவரை நீக்கியது. கறுப்புத் தோலில் வெள்ளை முகமூடி என்று ஒரு மந்திரியே ஏளனம் செய்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. உலகக் கோப்பை முடியும் முன்பே ஓய்வை அறிவித்துவிட்டு, ஊர் திரும்பாமல் இங்கிலாந்துக்குத் தப்பினார். 26 வயது. அந்த வயதில் வேகப்பந்து வீச்சாளருக்குப் பாதி வாழ்க்கைகூட முடிந்திருக்காது. ஃப்ளவரும் அதோடு நாட்டுக்கு ஆடுவதை நிறுத்தினார். ஆனால் அவருக்கு கவுன்ட்டி கிரிக்கெட் இருந்தது, பின்னால் இங்கிலாந்துக்குப் பயிற்சியாளர் ஆனார். ஒரே பட்டி கட்டிய இருவரில் ஒருவருக்கு விலை கூடுதல், இது எல்லா எதிர்ப்பிலும் நடப்பது. அவர்கள் இருவருக்கும் லண்டனின் பழைய கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி. அதே வருஷமே கௌரவ ஆயுள் உறுப்பினர் பதவி கொடுத்தது. சூடு ஆறும் முன்பே கொடுத்தார்கள். எம்.சி.சி.யை நான் பாராட்டும் சந்தர்ப்பம் அதிகம் வாய்ப்பதில்லை, அதனால் இங்கே பாராட்டிவிடுகிறேன். இருந்தாலும் பிரிட்டனுக்கும் முகாபேக்கும் அப்போது எப்படியும் ஆகாது. லண்டனில் உட்கார்ந்துகொண்டு முகாபேயின் எதிரிகளுக்கு மாலை போட்டதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நான் மறுத்துச் சண்டை போட மாட்டேன்.

சரி, உங்கள் கடினமான கேள்வி. பிடிக்காத காரணத்துக்காக ஒருவன் தூக்கினால்?

தூக்கியிருக்கிறார்கள் சார். 2022 மார்ச், தோஹாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகக் கோப்பை. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. பேரலல் பார்ஸில் தங்கம் வாங்கியது ஓர் உக்ரைன்காரர். வெண்கலம் வாங்கிய ரஷ்யர் இவான் குலியாக், உக்ரைனுக்குள் போன ரஷ்ய ராணுவ வண்டிகளில் எழுதியிருந்த அந்த இசட் எழுத்தைத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, அந்த உக்ரைன்காரர் நின்ற அதே மேடையில் வந்து நின்றார். ஒரு வருஷம் தடை விதித்தார்கள்.

ஸ்மித்துக்குச் சிலை, குலியாக்குக்குத் தடை, இது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்டால், சுலபமான பதில் ஒன்று இருக்கிறது: ஸ்மித் தன் அரசை எதிர்த்தார், இவர் தன் அரசின் பீரங்கிக்குப் பின்னால் நின்றார். சரியான பதில்தான், ஆனால் முழுப் பதில் ஆகாது. அரசை எதிர்த்துத் தப்பான காரணத்துக்காகவும் ஒருவன் நிற்கலாம், அதற்குப் பெரிய விலையும் கொடுக்கலாம். பட்ட கஷ்டத்தை மட்டும் தராசில் போட்டால் எந்த வெறியனும் எடைக்கு நிற்பான். துணிச்சலும் அப்படித்தான், கெட்டவர்களிடமும் தாராளமாகவே இருக்கிறது.

எனவே நடுநிலையான அளவுகோல் ஒன்று என் கையில் இருப்பதாக உங்களிடம் பாவனை செய்ய மாட்டேன். எதற்காகத் தூக்கினான் என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். பார்த்து, இது நியாயம், இது அநியாயம் என்று நம் வாயால் சொல்லி, தப்பாகச் சொன்னால் அந்தப் பழியையும் ஏற்கவேண்டும். எல்லாக் கைக்கும் ஒரே விதி என்பது கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த விதியை எழுதியவர்களே பெர்லினில் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்று மேலே பார்த்தோம். தண்டனையில் ஒரே விதி வையுங்கள் என்பது வேறு. அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். மேடையில் அடையாளம் காட்டினால் எல்லாருக்கும் ஒரே அபராதம், யாராக இருந்தாலும் கட்டு. ஸ்மித்தும் ஒலங்காவும் கட்டியிருப்பார்கள், விலை உண்டு என்று தெரிந்துதான் செய்தார்கள். மரியாதை அப்படி இல்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளிடம் இவரைப் போல இரு என்று காட்டுவது மரியாதை, அதில் எல்லாரையும் காட்ட முடியாது.

கடைசியாக நார்மன்.

வெள்ளைக்காரர், மெல்போர்ன்காரர், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த குடும்பத்துப் பக்திமான். மேடைக்குப் போகும் முன் இருவரும் தங்கள் திட்டத்தைச் சொன்னபோது நான் உங்களோடு நிற்கிறேன் என்றார். அவர்கள் இயக்கத்தின் பேட்ஜ் ஒன்றைக் கேட்டார். கைவசம் கூடுதலாக இல்லை. அந்தப் பக்கம் நின்ற பால் ஹாஃப்மன் என்ற வெள்ளை அமெரிக்கத் துடுப்புப் படகு வீரரிடம் கேட்டு வாங்கி இடது மார்பில் குத்திக்கொண்டார். படத்தை எடுத்துப் பாருங்கள், மூன்று பேர் நெஞ்சிலும் ஒரே பேட்ஜ் இருக்கும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு அவரை ஆஸ்திரேலியா அனுப்பவில்லை. இந்தப் பேட்ஜுக்காகத்தான் என்று இணையத்தில் கண்ணீரோடு ஒரு கதை சுற்றுகிறது, உங்கள் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். தகுதி நேரத்தைப் பலமுறை ஓடியிருந்தார், உண்மை. தேர்வுப் போட்டியில் மூன்றாவதாக வந்தார், அதுவும் உண்மை. நாங்கள் அவரைத் தண்டிக்கவே இல்லை என்று ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு இன்றும் சொல்கிறது. அதே நாட்டின் நாடாளுமன்றமோ 2012-இல் அவர் நடத்தப்பட்ட விதத்துக்காக மன்னிப்புக் கோரி தீர்மானம் போட்டது. அவர் அதற்கு ஆறு வருஷம் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். 2006 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த அந்த இறுதிச் சடங்கில் பெட்டியை முன்னால் நின்று சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும். எனக்கு இந்த விஷயத்தில் பார்லிமென்ட் தீர்மானம், புகழ்மண்டபம், சிலை எல்லாவற்றையும் விட அந்தத் தோள்கள்தான் மரியாதையாகத் தெரிகின்றன. அதற்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை, நேரம் பார்த்துக் காத்திருக்கவும் இல்லை.

இனி பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். இந்த மூன்று பேரும் பின்னால் என்ன வேலை பார்த்தார்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஸ்மித் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு தடகளப் பயிற்சி கொடுத்தார். கார்லோஸ் பாம் ஸ்பிரிங்ஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசகராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். நார்மன் உடற்கல்வி ஆசிரியர். மூவருமே உங்கள் தொழில்தான் சார். விசிலும் ஸ்டாப் வாட்சுமாகத்தான் இருந்திருப்பார்கள். ஒழுங்கு என்றால் என்ன என்று அவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் இருப்பார்கள், வரிசையில் நில் என்று கத்தித்தான் இருப்பார்கள்.

அப்புறம் அந்தக் காலிப் படி. ஆஸ்திரேலியர் என்பதால் நார்மனை விட்டுவிட்டார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். அவரே கேட்டுக்கொண்டதுதான். என் இடத்தைக் காலியாக விடுங்கள், வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று. சிலை திறப்புக்கு அவரே வந்திருந்தார். ஆகவே உங்கள் பேரனை நீங்கள் இறக்கிவிட்டிருக்கக் கூடாது, அந்த மேடையில் அனுமதி பெற்று ஏறிய ஆள் அவன்.

அடுத்த தடவை போனால் நீங்களும் ஏறி நில்லுங்கள். முஷ்டி மடக்கத் தேவையில்லை. படத்தில் நார்மனைப் பாருங்கள்: குதிகால் சேர்த்து, இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.